சிவப்பு அம்பு

ஷூ கம்பெனியில் என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். தையல் பிசகியிருந்தால், கீறல் விழுந்திருந்தால், அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பேன். என் மேஜையைத் தாண்டி ஒரு கோணல் ஷூ போனதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்குப் பிறந்தாள் தமிழினி.

மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு, மறு காலை மறந்து ஓணான் பார்க்கப் போய்விடுவாள். திட்டினேன், அடித்தேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன்.

"திமிர் இல்லம்மா. மனச ஒரே இடத்துல நிறுத்த அவளால முடியல. செய்யவேண்டியத ஞாபகப்படுத்த அங்கங்க ஒரு அடையாளம் வெச்சுப் பாருங்க" என்றார்.

அடையாளத்துக்கு நான் எங்கே போவேன்? கம்பெனி ஸ்டிக்கரில் ஒரு சுருள் கொண்டுவந்தேன். மூடாத குழாயில் ஒன்று, மாற்றிப் போட்ட பொத்தானில் ஒன்று, தப்பான கணக்கில் ஒன்று.

"இது இன்னாம்மா?"

"அம்பு இருந்தா தப்புன்னு அர்த்தம். சரி பண்ணணும். எவ்ளோ பண்ணியும் சரியாவலன்னா ரிஜெக்ட். நல்லதோட கலந்துடாம கம்பெனி கேட்டாண்ட மூட்ட கட்டிப் போட்டுடுவாங்க."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அவளுக்குப் பரீட்சை. மேஜையில் பாதி வேலையாக இருந்தேன். சூப்பர்வைசர் ஹயாத் பாஷா ஓடி வந்தார்.

"பாக்யா, ஸ்கூல்லேர்ந்து போன். பை இருக்குதாம், பொண்ணக் காணோமாம்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ரயிலைப் பார்த்தால் தன்னையே மறந்து நிற்பவள் அவள். தண்டவாளத்தின் ஓரமாகக் கத்திக்கொண்டே ஓடினேன். சென்னை ரயில் ஒன்று கடந்தது. அது போய் முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன். யாரும் இல்லை.

ஹயாத் பாஷா பைக்கில் தேடிக்கொண்டு வந்தார். "ஏறும்மா, கெடச்சிட்டா. நம்ம கம்பெனி கேட்டாண்டதான் உக்காந்துனு இருக்கா."

பயமெல்லாம் கோபமாக மாறியது. வண்டி நிற்கும் முன்பே குதித்து, கையை ஓங்கிக்கொண்டு போனேன். ரிஜெக்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு அம்பு, முழங்காலில் ஒன்று, நெற்றி நடுவில் ஒன்று. ஓங்கிய கை தானாக இறங்கியது.

"இங்க இன்னாடி பண்ற?"

"எல்லாம் மறந்துபோச்சும்மா. எவ்ளோ பண்ணியும் சரியாவல." மூக்கை உறிஞ்சினாள். "ரிஜெக்ட்னா கேட்டாண்டதான போடுவாங்க? நீதான சொன்ன."

நான் சொன்னதில் என் பெண் மறக்காதது இது ஒன்றுதான். நெற்றியில் இருந்த அம்பை உரித்தேன். ஷூவில் தடமே விடாத பசை, அவள் நெற்றியில் சிவப்பாகத் தடம் விட்டிருந்தது.

அடுத்ததில் கை வைத்தேன். சட்டென்று மூடிக்கொண்டாள்.

"எடுக்காதம்மா. அப்பறம் நல்லதோட கலந்துடுவேன்."

"கலந்துக்கடி" என்றேன். என் அழுகையில் அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ.