ஆளுக்கு ஒரு கோடு

சிவப்புப் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு அவள் அப்பா நிமிர்ந்தார். பயணப் பட்டியலில் போட்டது ஒரே ஒரு கோடுதான். அதைப் பார்த்ததும் அவளுடைய கணவனின் முகம் சுண்டிப்போயிற்று.

ஆளுக்கு ஒரு கோடு என்பது அந்த வீட்டுச் சட்டம். வருடத்துக்கு ஒரு முறை காரில் பயணம். போகிற இடங்களைக் கணவன் பட்டியல் போட்டு வைப்பான். பிடிக்காத ஓர் இடத்தை ஒவ்வொருவரும் அடித்துவிடலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. அடித்ததை மீட்க வேண்டுமானால் இன்னொருவர் தன் கோட்டை விட்டுக்கொடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டுப் பிழைக்கிறவன் வீட்டில் வேறு எப்படி இருக்கும்? மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் அருவிக்காக நடுரோட்டில் சண்டை போட்டு, மூன்று பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாளில் அவன் கண்டுபிடித்த வைத்தியம் அது. இன்றுவரை நன்றாகத்தான் வேலை செய்தது.

இந்த வருடம் மகளின் பேச்சுதான் எடுபட்டது. பதின்மூன்று வயது. பள்ளியில் போரைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. பீரங்கி வண்டிகளை நிறுத்தியிருக்கும் அருங்காட்சியகம், குண்டில் உடைந்த பாலம், பதுங்கு குழி, வரிசை வரிசையாக வெள்ளைக் கல் நட்ட கல்லறைத் தோட்டம். "போர்ல தாத்தா லாரி ஓட்டின ரோட்டுல நாமளும் போகணும்" என்றாள். அம்மா போனதிலிருந்து இவர்களோடு இருக்கும் அப்பா, இரண்டு வருடமாகக் கடைக்கும் மருத்துவமனைக்கும் தவிர எங்கும் நகர்ந்ததில்லை. அவர் "சரி, வரேன்" என்றபோது அவருடைய பெண்ணான அவள் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அவர் அடித்தது பாலத்தையும் இல்லை, கல்லறையையும் இல்லை. இரண்டாம் நாள் இரவு தங்குவதற்குப் பார்த்து வைத்திருந்த ஹோட்டலை.

"ஐயோ தாத்தா! அங்கதான் நீச்சல் குளம் இருக்கு!" என்று மகள் அலறினாள்.

"மாமா, ஏன்னு கேக்கக் கூடாது, நான் கேக்கல" என்றான் கணவன். கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்கிற ரகம் அவன். "ஆனா குண்டு விழுந்த பாலத்தை விட்டுட்டு மெத்தை போட்ட ஹோட்டலை அடிக்கிறீங்களே! மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அப்பா சிரிக்கவில்லை. காபியை முழுதாகக் குடிக்காமல் வைத்தார். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார். "வண்டியைத் துடைக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"துடைக்கட்டும். மறுபடியும் உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைப்பார், நான் சரி பண்ணணும்" என்று கணவன் முணுமுணுத்தான். அது பழைய வேடிக்கை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் அப்பா முதலில் செய்கிற காரியம், பின்னால் பார்க்கிற கண்ணாடியை மேலே தள்ளுவது. பக்கத்துக் கண்ணாடிகளே போதும் என்பார். தாத்தா கூரையில் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார் என்று பேத்தி கேலி செய்வாள்.

மகள் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தானேம்மா இருக்கு. பழைய பள்ளிக்கூடமாம், புதுப்பிச்சுக் கட்டியிருக்காங்க. பெரிய மைதானம்..." விரல் நின்றது. "கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். போர் சமயத்துல அங்கதான் ஆளுங்களைப் பிடிச்சு அடைச்சு வச்சிருந்தாங்களாம். அப்புறம் எங்க கொண்டு போனாங்கன்னே தெரியலையாம்."

எங்கப்பா லாரிதான் ஓட்டினார், துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! பெண் பார்க்க வந்தவர்களிடம், வேலையிடத்துத் தோழிகளிடம், தொட்டிலில் கிடந்த மகளிடம்கூட. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருபது வருட வேலை. தெரிந்தவர்களின் முடிவு வந்தால் எண்ணைப் பார்க்காமலே உறையில் போட்டு ஒட்டிவிடுவாள். பார்க்காவிட்டால் எண் மாறிவிடுமா என்ன?

"பன்னிரண்டு மணிக்குள்ள ரூமை உறுதி பண்ணணும். நாங்க போட்டாச்சு, உன் கோடுதான் பாக்கி" என்றான் கணவன்.

"வரேன், இருங்க" என்று செருப்பை மாட்டினாள்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் அப்பா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். சும்மா திரும்பிப் போயிருக்கலாம். கேட்காதே, கேட்காதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஏம்ப்பா அந்த ஹோட்டல்?"

"அப்ப அது பள்ளிக்கூடம்மா."

"போதும்" என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவர் துணியை நாலாக மடித்தார்.

"எட்டு நாள். தினம் ரெண்டு நடை. அங்க ஏத்தி ஆத்தங்கரையில இறக்கணும். திரும்பும்போது வண்டி காலியா வரும். பின்னால பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு. முதல் நாள் என் அதிகாரி கையை நீட்டிக் கண்ணாடியை மேல தள்ளிவிட்டார்." கொஞ்சம் நிறுத்தினார். "மறுநாள்லேருந்து நானே தள்ளிக்கிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதுல்லப்பா? எங்க போறாங்க, என்ன ஆகுதுன்னு... வண்டி ஓட்டுறவங்களுக்கு எப்படித் தெரியும்?" கெஞ்சுவது போல இருந்தது அவளுக்கே.

"முதல் நடையில தெரியாது."

அவளுக்குக் கோபம் வந்தது. பொல்லாத கோபம். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர் இன்னும் பத்து வருடம் மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே அவர் கழுத்துப் பட்டை மடங்கிக் கிடந்தது கண்ணில் பட்டது. கை தானாகப் போகப் பார்த்தது. அவள் இழுத்துக்கொண்டாள்.

"அடிச்சிட்டேன். அடிச்சா இல்லன்னு ஆயிடுமா? உன்கிட்ட ஒரு கோடு இருக்கே. மீட்டுக் கொடும்மா. அங்க போகணும். குழந்தைக்கு நானே சொல்றேன். நீ சொல்லி வச்சிருக்கிற மாதிரி இல்ல."

"சொன்னப்புறம் அவ உங்ககிட்ட வராமப் போயிட்டா?"

"போகலாம்" என்றார் அப்பா. "அவ இஷ்டம்."

"நீச்சலடிக்க வர்ற குழந்தைப்பா அவ!"

அவர் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். மகள் பட்டியலும் பேனாவுமாக ஓடிவந்தாள். "அம்மா, அப்பா கத்துறார்! உன் கோடு எங்க?" காகிதத்தையும் பேனாவையும் தாயின் கையில் திணித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து, இருக்கையின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பயணம் போவதற்கு முன்பே காரில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது சின்ன வயதிலிருந்தே அவள் பழக்கம்.

வெளியே நின்றவள் காரின் கூரையில் காகிதத்தை வைத்துப் பேனாவைத் திறந்தாள். கல்லறைத் தோட்டத்தை அடிக்கலாம், அருங்காட்சியகத்தை அடிக்கலாம். அடித்துவிட்டு மாடிக்குப் போய்ச் சோறு வைக்கலாம். அப்பா இவளைப் பார்க்கவில்லை. பேனாவை ஹோட்டலின் பெயருக்குக் கொண்டுபோனாள். அந்தச் சிவப்புக் கோட்டின் மேலே வளைவாக ஆரம்பித்து, பாதி வட்டம் போட்டாள்.

மகள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "அட, மீட்கிறியா? சூப்பர்மா! ஆமா தாத்தா, நீங்க ஏன் அதை அடிச்சீங்க? அங்க என்ன இருக்கு?"

பேனா நின்றது. அப்பாவின் கை பழக்கத்தில் உள்கண்ணாடிக்குப் போயிற்று. கண்ணாடி ஏற்கெனவே கூரையைப் பார்த்துத்தான் இருந்தது. அவர் அதைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தார், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பின்னிருக்கையின் நடுவில் பேத்தியின் முகம் முழுசாகத் தெரிகிறவரை.