ஒற்றைக்கண் நீந்தும் தண்ணீர்

ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒற்றைக்கண் ஒன்று வெட்டி வெட்டி நீந்துகிறது, உடம்பு கண்ணாடி போல, வாலோரம் இரண்டு முட்டைப் பைகள், எங்கள் படிக்கிணற்றுத் தண்ணீர் அது, என் பாட்டனார் வெட்டிய கிணறு, ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் முதல் குடம் அதிலிருந்துதான் போகும், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நான் குனிந்து நிற்கிறேன், யார் முன்னும் குனியாதவன், பக்கத்தில் சுகாதார ஆய்வாளர் சவரிமுத்து, இது நீர்த்தெள்ளுங்கய்யா, இதும்பாட்டுக்கு நீந்தும், இது முழுங்கி வச்சிருக்கிற நரம்புச் சிலந்திக் குஞ்சுதான் நம்ம காலைத் தின்னும், துணியில வடிகட்டினாப் போதும், தெள்ளு அதுலயே நின்னுரும் என்கிறார், துணி என்றதும் சொட்டு மறைந்து ஓர் ஈரத்துண்டு தெரிகிறது, போன மாதம் அதைச் சொம்பின் வாயில் விரித்துப் பிடித்தவர் திருமேனி, என் தங்கை பஞ்சவர்ணத்தைத் தன் மகனுக்குப் பரிசம் போட வந்தவர், கூடம் நிறையத் தாம்பாளங்கள், நான் கொடுத்த தண்ணீரை என் பங்காளிகள் பார்க்க அவர் வடிகட்டுகிறார், ஏன் மாமா, எங்க தண்ணியில சாணியா மிதக்குது என்கிறேன், கோவிச்சுக்காதீங்க தம்பி, எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு காலைப் புழு தின்னுருச்சு, அந்தப் பழக்கம் என்று மடங்காத தன் முழங்காலைத் தட்டிக் காட்டுகிறார், தட்டை எடுங்க என்கிறேன், எடுத்துக்கொண்டு போனார்கள், கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது, இப்போது சவரிமுத்து என் முகத்தையே பார்க்கிறார், உங்க கண்ணாடியிலதான் அழுக்கு என்று சொல்லி நிமிர்ந்து வந்துவிட்டேன்.

மறு வருடம் என் கணுக்காலில்தான் கொப்புளம் வந்தது, நெருப்பாக எரிந்தது, உடைந்ததும் வெள்ளை நூலாகத் தலை நீட்டியது புழு, தீக்குச்சியில் அதைச் சுற்றி நாளுக்கு ஒரு விரற்கடை இழுத்தவள் பஞ்சவர்ணம், ஆடாதீங்கண்ணே, அறுந்தா உள்ளயே அழுகிரும் என்பாள், வேறொன்றும் கேட்கமாட்டாள், அந்த மனிதர் செய்தது சரி என்று சொல்ல தினமும் வாய் எடுத்தேன், இருபத்து மூன்றாம் நாள் புழு முழுசாக வெளியே வந்தது, சொல் வரவில்லை, பரிசத் தட்டைத் திருப்பியனுப்பிய வீடு என்று எந்த வரனும் எங்கள் படியேறவில்லை, கிணற்றை மூடினார்கள், குழாய் வந்தது, ஐம்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டோம், நேற்று அவளுக்குக் கண்புரை ஆபரேஷன், ஒரு கண்ணில் கட்டு, இருந்தும் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள், நான் தோள்துண்டை எடுத்து டம்ளரின் வாயில் விரித்து, அவள் பார்க்க ஊற்றி வடிகட்டுகிறேன், என்னண்ணே இது, குழாய்த் தண்ணியப் போயி என்று சிரிக்கிறாள், அன்னைக்கு அந்த மனுஷன் செஞ்சது சரி பஞ்சவர்ணம், தப்பு என்னுது என்கிறேன், அவள் சிரிப்பு நிற்கிறது, அந்தக் குச்சியச் சுத்துறப்பவே சொல்லுவீகன்னு நெனச்சேன், அதுக்காகத்தாண்ணே அம்புட்டு மெதுவாச் சுத்துனேன் என்கிறாள், கட்டில்லாத அந்த ஒற்றைக்கண் நிறைந்த தண்ணீருக்குள் நீந்துகிறது, நான் இரண்டாம் முறையாகக் குனிகிறேன், இந்த முறை கண்ணாடியில் அழுக்கு என்று சொல்லவில்லை.