வடக்கு பார்த்த கூண்டு

தெருவில் அவளுக்கு ‘டிகிரி’ என்று பெயர். பட்டம் வாங்கி இரண்டு வருடமாகியும் வேலை கிடைக்காததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. “டிகிரி, இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் எழுதிக் குடும்மா” என்று பல்லிளித்துக்கொண்டு வருகிறவர்களே, எழுதிய ஃபாரம் கைக்கு வந்ததும், “இன்னும் வீட்லதான் இருக்கியா?” என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விலங்கியலில் முதல் வகுப்பு. அவள் குடும்பத்தில் அதற்கு முன் எவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை.

அப்பா வெல்டர். பொறி பட்டுப் பட்டு இரண்டு முன்னங்கையும் அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்திருக்கும். அந்தக் கையால் அவள் சான்றிதழை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கறை பட்டுவிடுமாம். யாராவது பார்க்கக் கேட்டால், “பாப்பா, நீயே எடுத்துக் காட்டு” என்று இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

கூண்டு வேலை அப்பாவுக்குத்தான் வந்தது. ஊரில் தனியார் கல்லூரி நடத்துகிறவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் காலேஜ்காரர். அவள் படித்ததும் அங்கேதான். அவர் மனைவி மாடியறை ஒன்றில் நாற்பது ஃபிஞ்ச் குருவிகளை வளர்த்து வந்தார். கட்டைவிரல் பருமன், சிவந்த மூக்கு, விடிந்தது முதல் வாய் ஓயாத கூட்டம். அந்தம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்ததும், இறகுத் தூசு ஆகாது, குருவிகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்தில் பெரிதாக ஒரு கூண்டு கட்ட அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அந்த ஊரின் வானத்துக்கு நடுத்தரம் என்பதே தெரியாது. மே மாதம் தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கும். ஜனவரி விடியலில் வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி போல ஏடு கட்டும். இடையில் புழுதிப் புயல், ஆலங்கட்டி மழை. மனிதனையே புரட்டிப் போடுகிற ஊரில் பன்னிரண்டு கிராம் எடையுள்ள உயிர் வெளியில் கிடந்து பிழைக்க வேண்டும்.

அளவெடுக்கப் போன அன்று அவள்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலேஜ்காரர் வராந்தாவிலிருந்து பார்த்தார்.

“யாருப்பா இது?”

“என் பொண்ணு சார். உங்க காலேஜ்தான். விலங்கியல் படிச்சிருக்கு.”

“அப்படியா. அப்ப நீ எதுக்குய்யா யோசிக்கிற? கூண்டை அவளே டிசைன் பண்ணட்டும்.” அவளைப் பார்த்து, “லேப்ல அசிஸ்டென்ட் இடம் ஒண்ணு காலியா இருக்கு. ஒரு வெயில், ஒரு குளிர். என் வீட்டுக்காரியோட குருவிங்க ரெண்டையும் தாண்டிட்டா ஆர்டர் உன் கையில.”

“தாண்டலேன்னா சார்?”

அப்பா அவள் காலை மிதித்தார்.

“தாண்டலேன்னா, நீ என் காலேஜ்லதான் படிச்சியான்னு நான் விசாரிக்க வேண்டியிருக்கும்” என்று சிரித்தார் காலேஜ்காரர். நகைச்சுவையாம். அவளும் பல்லைக் காட்டி வைத்தாள். இரண்டு வருடத்தில் அவள் படித்த படிப்பை ஒரு வேலைக்குப் பயன்படும் பொருளாகப் பார்த்த முதல் ஆள் அவர். சிரிக்காமல் என்ன செய்வது?

மூன்று நாள் கைபேசியே கதியென்று கிடந்தாள். ‘கடுமையான வெயிலும் கடுமையான குளிரும் உள்ள இடங்களில் ஃபிஞ்ச் கூண்டு’ என்று பன்னிரண்டு பக்க ஆங்கிலக் கட்டுரை ஒன்று அகப்பட்டது. யாரோ நாற்பது வருடம் குருவி வளர்த்தவர் எழுதியது. அப்படியே அச்செடுத்து, நனையாமல் இருக்க லேமினேட் செய்து, கூண்டு வேலை நடந்த இடத்தில் கம்பியில் தொங்கவிட்டாள். வேதவாக்கு அன்று முதல் அதுதான்.

வேலை ஜோராக நடந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எலி தோண்டி வராமலிருக்கச் சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்கு வலையைப் புதைத்தார் அப்பா. புது வலையில் துத்தநாகப் பிசிறு இருக்கும், குருவி கொத்தினால் விஷம் என்று அவள் சொன்னதும், வலைச் சுருள் முழுவதையும் வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஒரு கதவைத் திறந்ததும் குருவி பறந்துவிடாதபடி இரட்டைக் கதவு. சூடு இறங்காதபடி நடுவில் காற்று ஓடும் இரட்டைத் தகரக் கூரை. ஒரு கோடியில், மூன்று பக்கமும் தகடு அடைத்து முன்பக்கம் மட்டும் திறந்த தங்கும் அறை. ஃபிஞ்ச் எப்போதும் இருப்பதில் உயரமான இடத்தில்தான் உறங்கும்; அதனால் அந்த அறையில் குருவி உட்காரும் கொம்புகளை வெளிக்கொம்புகளைவிட ஒரு முழம் உயர்த்தி வைக்கச் சொன்னாள்.

“குருவிக்கும் மாடி வீடுதான் புடிக்கும் போல” என்றார் அப்பா.

“நம்மளத் தவிர எல்லாத்துக்கும் கெடைக்கும்ப்பா.”

தகராறு திசையில் வந்தது. தங்கும் அறையின் திறந்த பக்கம் வடக்கு பார்க்க வேண்டும் என்றாள் அவள். அப்பா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாசல் பக்கம் ஒரு தடவை, மதில் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“வடக்கயா? குளிர்காலத்துல வெயில் தெக்க சாஞ்சுல்ல வரும் பாப்பா. காத்துதான் வடக்க இருந்து அடிக்கும்.”

“இதுல வடக்குன்னு போட்டிருக்கு.” பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். “‘குளிர்காலச் சூரியன் உள்ளே விழும்படி வடக்கு பார்த்து வைக்கவும்.’ தெளிவா இருக்கு.”

“எழுதினவருக்குத் தெரியாம இருக்காது. ஆனா நான் முப்பது வருஷமா வெளியில நின்னு வேலை பாக்குறேன். தை மாசம் முதுகு காயணும்னா எந்தப் பக்கம் திரும்பி உக்காரணும்னு எனக்குத் தெரியாதா?”

“அப்பா, இது முதுகு காய வைக்கிற விஷயம் இல்ல. நாற்பது வருஷ அனுபவத்துல எழுதியிருக்காங்க. படிச்சுப் பாத்துட்டுத்தானே சொல்றேன். படிக்கத்தானே அனுப்புனீங்க?”

அந்தக் கடைசி வாக்கியம் வேண்டாத வாக்கியம். சொன்னவுடன் அவளுக்கும் தெரிந்தது. அப்பா கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “சரி, நீ சொல்றபடியே செஞ்சுடலாம்” என்று கண்ணாடிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. வடக்கு பார்த்தே வைத்தார்.

இத்தனைக்கும் குளிர்காலத்தில் சூரியன் மகர ரேகைக்கு நேர்மேலே நிற்கும் என்று பத்தாம் வகுப்பில் படம் போட்டு அம்புக்குறி போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். அந்தச் சூரியனும் காலேஜ்காரர் தோட்டத்துச் சூரியனும் ஒன்று என்று மட்டும் எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை. மனப்பாடத்துக்கு வாசலும் ஜன்னலும் கிடையாது.

வினை என்னவென்றால், கோடை அவளுக்குச் சாட்சி சொன்னது. வடக்கு பார்த்த அறைக்குள் உச்சிவெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் காக்கைகள் செத்து விழுந்த வாரத்தில்கூட நாற்பதில் ஒரு குருவியும் சாகவில்லை. மாறாக, எட்டுக் குஞ்சு பொரித்தன. காலேஜ்காரர் தன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினார். “நம்ம காலேஜ் பொண்ணு” என்றார். கட்டியவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, காலேஜ்காரரும் சொல்லவில்லை.

“பாத்தீங்களாப்பா?” என்றாள் அவள் வீட்டுக்கு வந்ததும்.

“ம்” என்றார் அப்பா.

குளிர் வந்தது. சூரியன் தெற்கே சரிந்தது. தங்கும் அறையின் பின்தகட்டில் நாள் முழுக்க வெயில் காய்ந்தது. அதன் நிழல் கூண்டின் மேலேயே விழுந்து கிடந்தது. உள்ளே குருவிகள் மதியத்திலும் பஞ்சுருண்டைபோல உப்பிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. அப்பா ஒருநாள் தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

“முன்பக்கம் இதைக் கட்டிடலாமா பாப்பா?”

“காத்தோட்டம் வேணும்ப்பா. அதுவும் இதுல இருக்கு. நூறு வாட் பல்பு போட்டிருக்கேன், போதும்.”

காற்றோட்டம் என்பது காரணமே இல்லை. தார்ப்பாய் கட்டினால் அப்பா சொன்னது சரி என்று ஆகிவிடும். நெஞ்சில் உறைத்தது; வாய் வளையவில்லை. அப்பா தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார்.

ஜனவரி நடுவில் ஒரு சாயங்காலம் வடக்கிலிருந்து மழை சாய்த்து அடித்தது. கூடவே ஆலங்கட்டி. மின்சாரம் போனது, பல்பும் போனது. திறந்த வாய் வழியே மழை நேராக உள்ளே புகுந்து உயரக் கொம்புகள்வரை நனைத்தது. இருப்பதிலேயே உயரமான இடம் என்று அவள் பார்த்துப் பார்த்து வைத்த கொம்புகள். நனைந்த குருவிகள் அதைவிட்டு இறங்கவில்லை. மழை விட்டதும் பனி இறங்கியது.

காலையில் தோட்டக்காரர் ஆள் விட்டதும் அவளும் அப்பாவும் ஓடினார்கள். தரையில் கிடந்தவற்றை அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, வெல்டிங் ராடு வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கினார். எண்ணுவதற்கு அவளால் முடியவில்லை. உயிரோடு இருந்தவற்றை எண்ணினாள். அது சுலபமாக இருந்தது. ஒன்பது.

கம்பியில் லேமினேட் தாள் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தாள். பனிப் பாதுகாப்பு பற்றிய பக்கம். ‘ஜூன், ஜூலை மாதங்களில் பனி கடுமையாக இருக்கும்’ என்று அச்சாகியிருந்தது. ஜூனையும் ஜூலையையும் யாரோ பேனாவால் அடித்து, மேலே டிசம்பர், ஜனவரி என்று எழுதியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான். லேமினேட் செய்வதற்கு முன்னால், அச்சுப்பிழை என்று நினைத்து, ஆங்கிலத்திலேயே தப்பு கண்டுபிடித்த பெருமையோடு திருத்தியது. ஜூனில் குளிரடிக்கும் பூமி பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே நிற்கும். எழுதியவர் தன் ஊருக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அவள் மாதத்தைத் தன் ஊருக்கு மாற்றிக்கொண்டாள். திசையை மாற்றவில்லை.

காலேஜ்காரர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார். கூண்டுக்கு முன்னால் நின்றபோது வடகாற்று அவர் முதுகில் அடித்தது. அவர் முட்டாள் இல்லை. ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

“காத்து நேரா உள்ள போகுது. எந்த மடையன்யா இதை வடக்கப் பாத்து வெச்சது?”

“நான்தான் சார்” என்றார் அப்பா.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“உன் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லிச்சு சார். தெக்கப் பாத்துத்தான் வைக்கணும்னு தலைதலையா அடிச்சுக்கிச்சு. நான்தான், நிழல்ல நின்னு வேலை செய்யலாமேன்னு இப்படி வெச்சுட்டேன். படிக்காதவன் சார்.”

“பொய் சார்” என்றாள் அவள். “வடக்குன்னு சொன்னது நான். அவரு தெற்குன்னாரு. தார்ப்பாய் கொண்டாந்தாரு, அதையும் நான்தான் வேணாம்னேன். இந்தத் தாளைப் பாருங்க. இது என் கையெழுத்து.”

காலேஜ்காரர் தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். பிறகு அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“அச்சுல இருக்கிற தப்பையே கண்டுபுடிச்சுத் திருத்தியிருக்க. நீயா திசையில தப்பு பண்ணுவ? அப்பன் மேல பாசம் இருக்கட்டும்மா, நல்லதுதான். அதுக்காக உன் படிப்பை நீயே அசிங்கப்படுத்தாத.”

“சார், அது தப்பே இல்ல, நான் திருத்தினதுதான்...”

“போதும். திங்கக்கிழமை லேப்புக்கு வந்துடு. மிச்சம் இருக்கிற ஒன்பதும் உன் பொறுப்பு. வேற வெல்டர் வருவான். எப்படி மாத்தணும்னு நீயே நின்னு சொல்லு.” அப்பாவிடம் திரும்பினார். “நீ இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வைக்காத.”

“சரிங்க சார்.”

இருவரும் வெளியே வந்து தெரு முனைவரை நடந்தார்கள். அட்டைப்பெட்டி அப்பாவின் கக்கத்தில் இருந்தது. புதைத்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

“எதுக்குப்பா பொய் சொன்னீங்க?”

“கெட்டுப்போறதுக்கு எனக்கென்ன பேரா இருக்கு? உனக்கு இப்பதான் ஒண்ணு வந்திருக்கு.”

“உங்களுக்குத் தெரியும். மொதல்லயே தெரியும். தெரிஞ்சும் எப்படி வெச்சீங்க? ஓங்கி ஒரு அறை விட்டுருக்கலாம்ல?”

அப்பா பெட்டியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“தெரியும்னுதான் நெனச்சேன். நீ அந்தத் தாளைத் தட்டிக் காட்டினப்புறம், முப்பது வருஷமா நான்தான் தப்பாப் பாத்துட்டேனோன்னு ஆயிடுச்சு பாப்பா. மறுநாள் காலையில எழுந்து சூரியனையே சந்தேகமாப் பாத்தேன்.”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். வாய்க்கால் ஓரத்தில் குழி தோண்டும்போது அப்பா அவளை மண்ணில் கைவைக்க விடவில்லை. “நீ தள்ளி நில்லு” என்றார்.

திங்கட்கிழமை அவள் போனாள். போகமாட்டேன் என்று இரண்டு நாள் கத்தினாள்; அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார்; போனாள். புது வெல்டர் தோட்டத்தில் காத்திருந்தான். நாற்பது வயதிருக்கும், அப்பாவின் கையைப் போலவே புள்ளி விழுந்த கைகள். பின்தகட்டை அறுத்து முன்பக்கம் அடைக்க வேண்டும் என்பதைக் காலேஜ்காரர் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

அவள் திசையைச் சொல்லவில்லை. அவனிடம் கேட்டாள்.

“அண்ணே, நீங்க வெளியில நின்னு வேலை பாக்குறவங்க. இந்தக் குளிருக்கு வெயில் எந்தப் பக்கம் இருந்து உள்ள வரும்?”

அவன் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தான். கை பாதிவரை தெற்கே எழுந்தது. பிறகு அவள் இஸ்திரிச் சட்டையையும், கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையையும் பார்த்தான். கையை இறக்கிக்கொண்டான்.

“நமக்கென்ன தெரியும் மேடம்? நீங்க படிச்சவங்க. நீங்க எந்தப் பக்கம்னு சொல்றீங்களோ அந்தப் பக்கம் வெச்சுத் தர்றேன்.”