கதவில் இருந்த பெயர்

பக்கத்து வீட்டு றமீலா கொண்டுவந்த சுடுதண்ணீரைக் கார்க் கதவில் ஊற்றிவிட்டு, நாகேஸ்வரி சவர பிளேட்டால் சுரண்டத் தொடங்கினாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. தண்ணீர்கூட றமீலாவின் கேத்திலில்தான் வரவேண்டியிருந்தது.

புருசனை நேற்றுக் கனத்தைச் சுடலையில் எரித்தாயிற்று. இன்று சாம்பலை முகத்துவாரத்துக் கடலில் கரைக்க மகன் யோகன் போகவேண்டும். வழியில் முந்தாநாள் மறித்த அதே சோதனைச்சாவடி.

"அம்மா, நான் ஓட்டோவில போறன். விடுங்கோ."

"ஓட்டோ வேண்டாம். அப்பாவை அவற்ற காரிலயே கொண்டுபோ. ஆனா இந்தப் பேரோட நீ போகேலாது."

நீலக் காரின் பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கரில் 'சாரல் இசைக்குழு'. முன்கதவில், பெரிதாக, குழுவில் வயலின் வாசித்த புருசன் நாகேந்திரத்தின் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்க் கம்பனி குழுவின் கச்சேரிகளுக்கு அனுசரணை கொடுத்து, 'ஸ்பெஷல் எடிஷன்' என்று இருபது கார்களை இறக்கியது. வாத்தியக்காரருக்கு அரை விலை. மனுசன் அன்று தரையில் நிற்கவில்லை. "காலி வீதியில தமிழில என்ர பேர் ஓடப்போகுது, நாகேஸ்" என்றார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அந்தப் பேரே வினையாயிற்று. தமிழ் எழுத்தைக் கண்டு போகிற இடமெல்லாம் ஆமிக்காரர் மறித்தார்கள். உரித்துப் போடுங்கோ என்று அவள் எத்தனை தரம் மன்றாடியிருப்பாள். மூன்று வருடத்துக்கு உரிக்கமாட்டேன் என்று கம்பனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பார். பெரிய அரிச்சந்திரன்.

முந்தாநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் மடியில் சாய்ந்தவரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் மறித்தார்கள்.

"மே மொகத லியலா தியென்னே?" இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆமிக்காரன் கதவைத் தட்டினான். அப்பாவின் பேர்தான் எழுதியிருக்கிறது என்று யோகன் சிங்களத்தில் கெஞ்சினான். நம்பவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் வரட்டும் என்றார்கள். வந்தார், முக்கால் மணித்தியாலம் கழித்து. குனிந்து எழுத்துக்கூட்டி, "நா... கேந்... திரம்" என்று வாசித்தார். சரி, போங்கள் என்றார்கள். மடியில் இருந்த தலை அதற்குள் பாரமாகியிருந்தது.

கேற்றடியில் கம்பனி மனேஜர் ஹியூபேட் மலர்வளையத்தோடு வந்து நின்றார்.

"மிஸிஸ் நாகேந்திரம், அதைக் கழட்டினா அது ஸ்பெஷல் எடிஷன் இல்ல. எக்ரிமென்ட் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"அவர் முடிச்சிட்டார்" என்றாள். பிளேட் நிற்கவில்லை.

அவர் வளையத்தை மதிலில் சாத்திவிட்டுப் போனார். அதன் குறுக்கே கம்பனியின் பேர் பொன் எழுத்தில். நாசமாய்ப் போவான்கள், சாவீட்டிலும் விளம்பரம்.

கடைசி எழுத்தும் உரிந்து விழுந்தது. றமீலா ஈரத் துணியால் கதவைத் துடைத்தாள். துடைத்தவள் கையை எடுக்காமல் நின்றாள்.

மூன்று வருட வெயிலில் கார் வெளிறியிருந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் வெளிறவில்லை. புது நீலத்தில் 'நாகேந்திரம்' அப்படியே இருந்தது.

யோகன் சாம்பல் முட்டியோடு வந்து பார்த்தான்.

நாகேஸ்வரி பிளேட்டைக் கீழே வைக்காமல், மற்றக் கையால் வெறும் கேத்திலை நீட்டினாள்.

"இன்னொருக்காத் தண்ணி சுடவை, றமீலா."