மாகறல் இறங்குதளம்

என் கணவர் மாணிக்கவேல் கப்பல் கட்டுவார். நான் ஊர் கட்டுவேன். விண்வெளிக் கப்பல்தான், ஆனால் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில், கப்பல் ஓட்டிப் பார்க்கும் அந்த சிமுலேட்டர் விளையாட்டு இருந்தது. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக்கூடப் போகாமல் இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு டிசைன் சென்டரில் பட்டுப்புடவைக்குக் கரையும் புட்டாவும் கம்ப்யூட்டரில் போடுகிறவள். கட்டம் கட்டமாக நிரப்பிப் பழகிய கை நிலாவில் மட்டும் சும்மா இருக்குமா? என் நிலாத் தளத்து ஓடுபாதைக்கு ருத்ராட்சக் கரைதான்.

2002இல் அவர் ஷார்ஜாவுக்குப் போனார், ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக. "ரெண்டே வருஷம், ப்ரியா. சத்தியமா" என்றார். அதன்பிறகு எங்கள் குடித்தனமே அந்த விளையாட்டில்தான் நடந்தது. அவர் கப்பலைப் பாதி வழி ஓட்டி, சேமித்த ஃபைலை மெயிலில் அனுப்புவார். நான் தணிகாசலம் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் அதை ஃப்ளாப்பியில் எடுத்து வந்து, வீட்டில் மீதி வழி ஓட்டித் திருப்பி அனுப்புவேன்.

அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் எல்லாம் வெறும் எழுத்து. டேங்க் நிறைய எரிபொருள் என்றால் 1, காலி என்றால் 0. யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். மாற்றக் கூடாது என்று இருவரும் சத்தியம் செய்திருந்தோம். கள்ள ஆட்டம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் கப்பலில் ஒரு குறை சொல்ல முடியாது. கதவுக்குக் கீல்கூட உண்டு. கதவு திறந்ததும் ஏணி மடிப்பு மடிப்பாக இறங்கும். போனில் அதைப் பெருமையாகச் சொன்னார்.

"கதவு தொறந்தா யாருங்க எறங்குவாங்க?" என்று கேட்டேன்.

"ஆளு வரையறது கஷ்டம்மா. அப்பால பாத்துக்கலாம்."

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். முதலில் நிலா, பிறகு செவ்வாய், இரண்டாம் வருஷம் சனி. ஒவ்வொரு கப்பலும் முந்தையதைவிடத் தூரமாகவே போயிற்று. மனுஷனுக்கு ஊர்ப் பக்கம் திரும்பவே தெரியாதா? ஒருநாள் கோபம் தலைக்கேறி, பூமியிலேயே ஒரு தளம் போட்டேன். அட்லஸைப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாகறலில், அவர் அப்பாவின் வயல் இருக்கும் இடத்தில். சிமுலேட்டரின் பூமியில் காஞ்சிபுரமே ஒரு பழுப்புக் கறைதான். கோபுரம் கிடையாது, ஏரி கிடையாது. நான் அங்கே ஓர் இறங்குதளம் அமைத்து, சுற்றிலும் என் கல்யாணப் புடவையின் கரையை அப்படியே விளக்குகளாக வைத்தேன். பார்த்ததும் அவருக்குத் தெரியும்.

"இங்க வந்து எறங்குங்க" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தது.

பத்து நாள் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தேன். கப்பல் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. சனியிலிருந்து அவ்வளவு தூரம் வந்துவிட்டு, காஞ்சிபுரத்துக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. இறங்கத்தான் வழியில்லை, எரிபொருள் 0. மெயிலில் இரண்டு வரி: "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேம்மா. டேங்க்கு காலி. கோச்சுக்காத."

அழுதேன். அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். பிறகு நோட்பேடைத் திறந்து, அந்த 0வை அழித்துவிட்டு 1 என்று அடித்தேன். சத்தியத்தை முதலில் மீறியது நானில்லை.

முதல் தடவை கப்பல் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அடுத்த தடவை அரக்கோணம் தாண்டி எங்கேயோ. சோறுகூட வடிக்காமல் மதியம் முழுக்க ஓட்டினேன். நாலாவது தடவை, என் கரை விளக்குகளுக்கு நடுவில் அலுங்காமல் குலுங்காமல் இறக்கிவிட்டேன். சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

கதவுக்கான பட்டனை அழுத்தினேன். கீல் திரும்பியது. ஏணி மடிப்பு மடிப்பாக இறங்கித் தரையைத் தொட்டது. நாங்கள் ஆளே வரையவில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த ஏணியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மெயில் அனுப்பினேன்.

"கப்பல் மாகறலுக்கு வந்துடுச்சுங்க. கதவு தொறந்துதான் இருக்குது. ஆளு எங்கங்க?"