கப்பல் கணக்கு

மூஸா நெய்னா கொழும்புக்குப் போகக் கூடாது. 1946-இல் எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் நாங்கள் பத்துக் குமாஸ்தாக்கள். கொழும்புக் கிளைக்கு ஓர் ஆள் வேண்டும், பரீட்சை வைத்து எடுப்போம் என்றார்கள். கப்பலின் அடித்தட்டில் எத்தனை மூட்டை கொள்ளும் என்ற கணக்கை மூஸா மனதிலேயே போட்டுவிடுவான். கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை அவன் தோளைத் தட்டுவார். எனக்கு வயிறு எரியும். அவனைவிட எட்டு வருஷம் மூத்தவன் நான். என் தோளில் ஒரு காக்கா கூட உட்கார்ந்ததில்லை.

பரீட்சையில் கப்பல் கணக்கு நிச்சயம் வரும். அவன் ஒருத்தன் மட்டும் போட்டால்தானே பெருமை? ஒரு வாரம் மெனக்கெட்டு அதை நானும் படித்து, மற்ற எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன். "ஜீவமணி அண்ணாச்சிக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்றார்கள். மனசாம்!

பத்துக் கேள்வியில் எனக்கு ஏழு சரி. மூஸாவுக்கும் ஏழு; இரண்டு கேள்வி எங்கள் இருவருக்குமே தப்பு. மற்றவர்கள் எல்லாரும் கீழே. விடைத்தாள்களைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவசரத்தில் ஒரு சைபரை விட்டு, கப்பல் கணக்கிலேயே மூஸா கோட்டை விட்டிருந்தான்! நான் தவறியது சின்னத் தோணிக் கணக்கில்தான். ஆயிரத்து அறுநூறு மூட்டை, தோணிக்கு முந்நூறு, எத்தனை நடை? ஐந்தே மூன்றில் ஒன்று என்று எழுதியிருந்தேன். மூஸா ஆறு என்று எழுதியிருந்தான்.

தலைமைக் குமாஸ்தா அற்புதமணி கண்ணாடியைத் துடைத்தார். "சீட்டுக் குலுக்கலாம். இல்லன்னா எம் மக காலேஜ்ல படிச்ச முறை ஒண்ணு இருக்கு. ஒரு கேள்விய எத்தன பேரு தப்பா எழுதுனாவளோ, அத்தன மார்க்கு அதுக்கு. கஷ்டமானதுக்குக் கூட மார்க்கு."

"அதுதான் நியாயம்!" என்று துள்ளி எழுந்தேன். கப்பல் கணக்கைவிடக் கஷ்டமானது உண்டா?

"சரி, அண்ணாச்சி சொன்னா சரி" என்றான் மூஸா.

அற்புதமணி எண்ணினார். "மத்ததுல ரெண்டு பேரும் ஒண்ணுதான். தோணிக் கணக்கு, ஆறு பேரு தப்பு. மூஸாவுக்கு ஆறு மார்க்கு. கப்பல் கணக்கு, மூஸா ஒருத்தன்தான் தப்பு. ஜீவமணிக்கு ஒரு மார்க்கு."

ஒன்பது பேர் தப்பாக எழுதியிருக்க வேண்டிய கணக்கு!

"போன வருஷப் பரீட்சையில மூஸாவத் தவிர ஒருத்தனும் கப்பல் கணக்கப் போடலையே!" அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருல இவ்வளவு நல்லாச் சொல்லிக்குடுத்தது?"

எட்டுப் பேரும் நன்றியோடு என்னைக் கைகாட்டினார்கள்.