ஐந்தாவது ஏன்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை 5.52 மணிக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கூராபின் நகரத்துக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இரண்டாம் உற்பத்தி வரிசை நின்றது. ஐம்பத்தொரு நிமிடம் கழித்து மறுபடி ஓடியது.

அன்று லெசியேலி ஃபிஃபிதா வரிசையில் வந்து நின்றது நாலரை மணிக்கு. வெளியே கார்க் கண்ணாடிகளில் உறைபனி படிந்திருந்தது. உள்ளேயும் பெரிய வித்தியாசமில்லை. குளிர்நீர்த் தொட்டியிலிருந்து கோழிகள் கால் மேலாகத் தொங்கி வரும். தொடையைப் பிரித்து, எலும்புத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவி, தட்டில் போட வேண்டும். பஞ்சுக் கையுறைக்கு மேல் ரப்பர்க் கையுறை. முதல் அரைமணி நேரம் விரல்கள் வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும். அப்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஜூன் மாதம் வரை நிமிடத்துக்கு முப்பத்திரண்டு கோழிகள் வந்தன. இப்போது முப்பத்தெட்டு.

எதிர்ப்பக்கம் அபினெரி, இறக்கை வெட்டும் சக்கரத்துக்கு இறக்கைகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஃபிஜியிலிருந்து வந்தவன், இருபத்தாறு வயது. காதடைப்பையும் மீறிக் கத்தினான்.

"அக்கா, சனிக்கிழமை ரக்பி பாத்தியா? உங்க டோங்கா ஆளுங்க ஓடினாங்களா, இல்ல சர்ச்சுல பாடற மாதிரி நின்னுக்கிட்டே இருந்தாங்களா?"

"வாய மூடிட்டு றெக்கையப் பாரு. உங்காளு கைக்குப் பந்து வந்ததே ஒரு தடவ. அதையும் கீழ போட்டான்."

வரிசையின் நீளத்துக்கும் தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. குறை எதைக் கண்டாலும் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், வரிசை நின்றுவிடும். ஜப்பான் கார்த் தொழிற்சாலைகளிலிருந்து வந்த வழக்கம். 'குறை கண்டால் இழு' என்று மேலாளர் நைஜல் கையெழுத்திட்ட தாள் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை: 'கயிறு இழுக்காத நாட்கள்: 63'. ஐம்பதைத் தொட்டதற்காக இரண்டு வாரம் முன்பு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சாசேஜ் சுட்டுக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் இழுத்தவர்கள் ஒரு படிவம் எழுதி, நைஜலின் அறைக்குப் போய் "ஒரு சின்னப் பேச்சு" பேசிவிட்டு வந்தார்கள். இரண்டு பேச்சுக்கு ஓர் எச்சரிக்கை. லெசியேலியும் அபினெரியும் வந்திருந்த விசாவில் இந்தத் தொழிற்சாலையை விட்டு வேறு இடத்துக்குப் போக முடியாது. எச்சரிக்கை சேர்ந்தால் ஊருக்கு விமானம்தான்.

செவ்வாய்க்கிழமையிலிருந்தே சக்கரத்துக்கு அடியில் பெல்ட் விட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை 5.52க்கு ஓர் இறக்கை சிக்கியது. எல்லோரும் செய்வதுபோல அபினெரி இடது கையால் தள்ளினான். பெல்ட் குதித்தது. கையுறை உள்ளே போனது. அவன் கத்தவில்லை, வாய் மட்டும் திறந்தது.

லெசியேலியின் கை தானாக மேலே போனது. விரல் நுனியில் கயிறு தட்டுப்பட்டது. கண் பலகைக்குப் போனது. 63. கை அங்கேயே நின்றது.

ஏழு ஆள் தள்ளி நின்ற கெய்லீன்தான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக் கயிற்றை இழுத்தாள். வரிசை நின்ற பிறகுதான் அபினெரியின் குரல் வெளியே வந்தது. சுட்டு விரலும் நடு விரலும் போய்விட்டன.

லெசியேலிக்கு அந்தத் தொழிற்சாலையில் இன்னொரு வேலையும் இருந்தது. டோங்காவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்பதால் கம்பெனி அவளை வேலையில் வீணையும் குறையையும் குறைக்கும் 'லீன், சிக்ஸ் சிக்மா' முறை வகுப்புக்கு அனுப்பியது. அதில் 'பச்சை பெல்ட்' என்ற தகுதிச் சான்றிதழ் வாங்கினாள். வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கணினி முன் உட்கார்ந்து கம்பெனியின் வலைப்பதிவை எழுதினாள். வேலையில் எங்கே வீண் அசைவு, எங்கே வீண் காத்திருப்பு, எப்படிக் குறைத்தோம் என்று எழுத வேண்டும். அதை வாசிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். எழுதுவது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு மணி நேரம் கைகள் சூடாக இருக்கும். போன வாரப் பதிவின் தலைப்பு 'கயிறு இழுக்காத ஐம்பது நாட்கள்'. சாசேஜ் படமும் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நைஜல் கூப்பிட்டனுப்பினான். படியேறிப் போனாள்.

"உக்காரு, லெஸ். காப்பி குடிக்கிறியா?"

"வேண்டாம்."

"எல்லாருக்கும் மனசு சரியில்ல. எனக்கும்தான். ஆனா போன மாசம் நம்ம பதிவ பதினோராயிரம் பேரு பாத்திருக்காங்க. இந்த மாதிரி விஷயம் வெளிய கசியும். நாமளே முந்திக்கணும். திங்கக்கிழமை 'அஞ்சு ஏன்' பதிவு போட்டுடு. நம்மகிட்ட ஒளிவுமறைவு இல்லன்னு தெரியணும்."

தவறு நடந்தால் ஏன் என்று கேட்டு, வருகிற பதிலைப் பார்த்து மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்து முறை தோண்டிப் போக வேண்டும் என்பது சிக்ஸ் சிக்மா வகுப்பில் நைஜலே எடுத்த முதல் பாடம். நைஜல் ஒரு தாளை நகர்த்தினான். ஏற்கெனவே நிரப்பியிருந்தது. ஏன் காயம்? கை சக்கரத்தின் தடுப்புக்குள் போனது. ஏன் போனது? சிக்கிய இறக்கையைக் கையால் எடுத்தார். ஏன் கையால்? சிக்கியதை எடுப்பதற்கான பிளாஸ்டிக் கோலை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? தொழிலாளியின் கவனக்குறைவு.

லெசியேலி இரண்டு முறை படித்தாள்.

"நாலோட நிக்குது."

"நாலுலயே காரணம் கெடச்சிருச்சே. அஞ்சு வரைக்கும் போகணும்னு சட்டமா என்ன?"

"ஆளு பேரு வந்தா நிறுத்தாதே, இன்னொரு தடவ ஏன்னு கேளுன்னு கிளாஸ்ல நீங்கதான் சொன்னீங்க."

நைஜல் சிரித்தான். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். மேலேயிருந்து எடுத்த படம். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. ஆனால் அவள் தன் தோளை அடையாளம் கண்டுகொண்டாள். கை உயர்ந்தது. நின்றது. மூலையில் விநாடி எண்கள் மாறின. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

"அஞ்சாவது ஏன் வேணுமா? வரிசை ஏன் உடனே நிக்கல? பதில் இதோ இருக்கு. நான் இத எழுதச் சொல்லல, லெஸ். உன்னக் காப்பாத்தத்தான் பாக்கறேன். உன் ஒப்பந்தம் நவம்பர்ல புதுப்பிக்கணும், இல்ல?"

"ஆமா."

"ரெண்டு பொண்ணுங்க, இல்ல?"

தன் மகள்களைப் பற்றி அவள் இவனிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"அப்ப அபினெரி?"

"சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் இருக்கு. ஆறினதும் ஊருக்குப் போய்க் குடும்பத்தோட இருக்கட்டும். ரெண்டு விரல் இல்லாம இங்க என்ன பண்ணப்போறான்?"

தாளை மடித்து வாங்கிக்கொண்டு இறங்கினாள். அன்று முழுவதும் பின்னால் யாராவது நடந்தால் திரும்பிப் பார்த்தாள். தொடைகளைப் பிரிக்கும்போது கத்தி இரண்டு முறை வழுக்கியது. அபினெரி நின்ற இடத்தில் யாரும் நிற்கவில்லை. மற்றவர்கள் அவன் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். வேகம் முப்பத்தெட்டிலேயே இருந்தது. பலகையில் எண் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. ஒரே வீட்டில் தங்கியிருந்த தொழிலாளிகளை ஏற்றிப் போகும் வேனில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் சேப்பங்கிழங்கு இலையில் சுருட்டிய மாட்டிறைச்சி ஆறிக்கிடந்தது. கெய்லீன் கண்ணாடியைத் தட்டினாள். இருபத்தாறு வருடமாக அங்கே வேலை செய்கிறவள், தொழிற்சங்கப் பிரதிநிதி. சிகரெட்டும் இருமலும் ஒருபோதும் அவளைப் பிரிந்ததில்லை.

"என்னடி கண்ணு, பேயடிச்ச மாதிரி இருக்க? அவன் என்ன சொன்னான்?"

லெசியேலி தாளைக் கொடுத்தாள். கெய்லீன் படித்தாள்.

"கவனக்குறைவாமே. இவன் சட்டையில ஒருநாள் ரத்தம் பட்டிருக்குமா?"

"கெய்லீன், நான் ஒண்ணு சொல்லணும்." இதைச் சொன்னால் இனி யாரும் தன் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்று தோன்றியது. "அன்னைக்குக் கயிறு என் கையில தட்டுப்பட்டுச்சு. நான் இழுக்கல. கேமராவுல இருக்கு."

கெய்லீன் புகையை விட்டாள்.

"எத்தன செகண்டு?"

"நாலு."

"எனக்கு மூணு இருக்கும். எதுவோ ஆயிடுச்சுன்னு உன் மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுது. ஆனாலும் மொதல்ல அந்தப் பலகையத்தான் பாத்தேன். சங்கத்துக்காரி நானு. எனக்கே அப்படி."

வேனுக்குப் பக்கத்தில் இரண்டாம் வரிசை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கெய்லீன் தாளை உரக்கப் படித்தாள். பிறகு தட்டு அடுக்கும் ஹான், வியட்நாம்காரி, வாய் திறந்து அதிகம் பேசாதவள், ஜாக்கெட் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் காட்டினாள். கட்டைவிரல் அளவு போல்ட். நுனியில் கொழுப்பு காய்ந்திருந்தது.

"செவ்வாக்கெழம என் தட்டுல கெடந்துச்சு. சக்கரத்துக்கு அடியில இருந்து விழுந்தது. இழுக்கணும்னுதான் நெனச்சேன். அறுபத்தொண்ணாவது நாளு. எம்புருசனுக்கும் இங்கதான் வேல. பையில போட்டுக்கிட்டேன். ரெண்டு நாளாத் தூங்கல."

"தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றான் ஒருவன்.

"முடியல."

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒருவன் வெட்டுக் காயத்தைக் கையுறைக்குள் மறைத்திருந்தான். ஒருத்தி தடுப்புக் கதவின் கொக்கி உடைந்ததைக் கம்பியால் கட்டியிருந்தாள். அறுபத்து மூன்று நாட்களும் இப்படித்தான் சேர்ந்திருந்தன. லெசியேலி தன் கைபேசியை எடுத்தாள். சாசேஜ் பதிவுக்கு வந்த ஒரு பின்னூட்டம் வெளியிடப்படாமல் ஒரு வாரமாகக் காத்திருந்தது. அதை வெளியிட வேண்டாம் என்று நைஜல் சொல்லியிருந்தான். அவளும் சரியென்று விட்டிருந்தாள். எழுதியவர் ஹமாதா, நகோயா அருகே கார்த் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாசித்துக் காட்டினாள்.

"எங்கள் வரிசையில் ஒருநாள் முழுவதும் யாரும் கயிறு இழுக்காவிட்டால் மேற்பார்வையாளர் பயந்துபோய் இறங்கி வருவார். என்ன மறைக்கிறீர்கள் என்று கேட்பார். உங்களிடம் ஐம்பது நாட்களாக யாரும் கேட்கவில்லையா?"

கெய்லீன் சிகரெட்டைக் காலால் நசுக்கினாள்.

"திங்கக்கெழம குறை கண்டா இழுக்கறோம். அவ்வளவுதான்."

"ஸ்ட்ரைக்கா? அபராதம் போடுவானே."

"ஸ்ட்ரைக் எங்கடா? செவுத்துல அவனே கையெழுத்துப் போட்டு மாட்டி வெச்சிருக்கான். நமக்குப் படிக்கத் தெரியும்னு காட்டப் போறோம்."

"விசாவுல இருக்கறவங்க?" என்றாள் லெசியேலி.

"அதுக்குத்தான் ஒரு ஆளு இழுக்கக் கூடாது. பதின்மூணு பேரும் இழுக்கணும். படிவத்துல அவங்கவங்க பேர அவங்கவங்க எழுதணும். எத்தன பேருக்கு டிக்கெட் எடுப்பான்?"

யாரும் கைதட்டவில்லை. ஹான் போல்ட்டை லெசியேலியின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

திங்கட்கிழமை அதிகாலை நாலேகால். வேனுக்குள் பதினோரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூச்சில் கண்ணாடி மங்கியிருந்தது. லெசியேலி கைபேசியில் பதிவைக் கடைசியாக ஒருமுறை வாசித்தாள். நைஜலின் நாலு ஏன்களும் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே போல்ட்டின் படத்தைப் போட்டு எழுதியிருந்தாள்:

"ஏன் கவனக்குறைவு? செவ்வாய்க்கிழமை விழுந்த இந்த போல்ட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை என் கை கயிற்றைத் தொட்டும் நான் நாலு விநாடி இழுக்கவில்லை. இழுக்காத நாட்களை வெற்றி என்று இந்தப் பக்கத்தில் எழுதியவள் நான்தான். எங்களுக்குப் பயம். பயத்தைத்தான் நாங்கள் எண்ணிப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தோம். லெசியேலி ஃபிஃபிதா, இரண்டாம் வரிசை."

கட்டைவிரல் திரைக்கு மேல் நின்றது. மகள்களின் பள்ளிச் சீருடை நினைவுக்கு வந்தது. எத்தனை விநாடி என்று அவள் எண்ணவில்லை. அழுத்தினாள். பிறகு ஹமாதாவின் பின்னூட்டத்தையும் வெளியிட்டாள். வேனிலிருந்து இறங்கி, வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

5.20க்கு பெல்ட் குதித்தது. அவள் கை உயர்ந்தது. பலகையைப் பார்க்காமல் இழுத்தாள்.

இரைச்சல் சட்டென்று அறுந்தது. கோழிகள் தொங்கியபடி ஆடின. அந்த அமைதியில் தன் மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. நைஜல் தலைக்கவசத்தைச் சரியாக மாட்டாமலே ஓடி வந்தான்.

"யாரு இழுத்தது?"

"நான்தான். பெல்ட் குதிக்குது. படிவம் எழுதிட்டேன்."

"லெஸ், வெள்ளிக்கெழம நாம என்ன பேசினோம்?"

"அதையும் எழுதிட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. வரிசையை ஓட்டச் சொன்னான். ஓடியது. மூன்று நிமிடத்தில் மறுபடி நின்றது.

"இப்ப யாரு?"

ஹான் கை தூக்கினாள். "நான். தடுப்புக் கதவுல கொக்கி இல்ல. கம்பி கட்டியிருக்கு."

"இது இன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல. இன்னைக்குத்தான் இழுத்தேன்."

கெய்லீன் இருமலுக்கு நடுவே சிரித்தாள். "ஓட்டு நைஜல், ஓட்டு. இன்னும் பதினொரு பேரு இருக்கோம்."

9.05க்குப் பதிவு நீக்கப்பட்டது. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதை வாசித்திருந்தார்கள். பழுதுபார்ப்பவர் பெல்ட் உருளையில் இரண்டு போல்ட்டுகள் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பத்து மணிக்கு லெசியேலிக்கு மேலேயிருந்து அழைப்பு வந்தது. மற்ற பன்னிரண்டு பேரும் கையுறைகளைக் கழற்றிவிட்டு அவளோடு படியேறினார்கள். நைஜலின் அறையில் நாற்காலிகள் இரண்டுதான் இருந்தன. யாரும் உட்காரவில்லை.

அன்று இரண்டாம் வரிசை பதின்மூன்று முறை நின்றது. யாருக்கும் காயமில்லை.